விலகி நிற்கும் அருள்

ஏரிக்கரைப் பறவைகளும் நாமும்
(விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வாழ்நாளெல்லாம் வகுப்பறையில் தமிழ் கற்பித்த என்னை விழாக் குழுவினர் அழைத்தபோது, காப்பியம் ஒன்றைப் பற்றிப் பேசுவேன் என்றே எதிர்பார்த்திருப்பர். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. அது ஏரிக்கரைப் பறவைகள். வந்தவாசி, செஞ்சி, திண்டிவனம், காஞ்சிபுரம் வட்டாரங்களில் ஊர்கொண்டு வாழ்ந்த நம் முன்னோர் ஏரிப் பாசனத்தை நம்பி வாழ்ந்தவர்கள். மதகு, கலங்கல், ஆயக்கட்டு என்னும் சொற்கள் நம் பாட்டனார்களின் அன்றாடப் பேச்சில் இருந்தன. இன்று நம்மில் பலர் சென்னையிலும் பெங்களூரிலும் வாழ்கிறோம். ஊர்த் திருவிழாவுக்குக் காரில் வருகிறோம்; ஏரிக்கரை வழியாகவே கடந்து செல்கிறோம்; ஆனால் இறங்கிப் பார்ப்பதில்லை. பார்ப்பதற்கு அங்கே என்ன இருக்கிறது என்பதையும், பார்க்கச் செல்பவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதையும் சொல்ல விரும்புகிறேன்.

வேடந்தாங்கல்

முதலில் வேடந்தாங்கல். செங்கற்பட்டு மாவட்டத்தில், மதுராந்தகத்துக்கு அருகில், சென்னையிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சிற்றூர். ‘தாங்கல்’ என்றால் தொண்டை நாட்டு வழக்கில் சிறிய ஏரி என்று பொருள். பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் என்று சென்னையைச் சுற்றிலும் இச்சொல்லைக் காணலாம். ஆகவே வேடந்தாங்கல் என்பது வேடனின் ஏரி. வேட்டையாடியவன் பெயரைத் தாங்கிய அந்த ஏரிதான், நம் நாட்டில் பறவைகளைக் கொல்லலாகாது என ஊரார் ஒன்றுகூடி முடிவெடுத்துக் காத்த மிகப் பழைய இடங்களுள் ஒன்றாக விளங்குகிறது. 

அதன் வரலாறு இது. கும்பினியார் ஆட்சிக் காலத்தில் வெள்ளைக்காரப் படைவீரர்கள் அந்த ஏரிக்கு வந்து பறவைகளைச் சுட்டனர். ஊர் மக்கள் அன்றைய ஆட்சியர் லயனல் பிளேஸ் என்பவரிடம் சென்று முறையிட்டனர். இந்த ஏரியில் கூடு கட்டும் பறவைகளை எவரும் துன்புறுத்தலாகாது எனக் ‘கவுல்’ ஒன்று, அதாவது எழுத்து வடிவிலான உறுதி, அவர்களுக்குக் கிடைத்தது. ஆண்டு 1798 என்பர். மதுராந்தகம் ஏரிகாத்த இராமர் கோயில் கதையில் வரும் ‘பிளேஸ் துரை’யும் இவரே. பின்னர் 1858-இல் அந்த உறுதி புதுப்பிக்கப்பட்டது. 1936-இல் அரசு அதனைப் பறவைகள் சரணாலயமாக ஏற்றது. 

இங்கே ஒன்றை எண்ணிப் பாருங்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் வந்தது 1972-இல். அதற்கு 170 ஆண்டுகளுக்கும் முன்பே, பெரிய படிப்பில்லாத உழவர்கள், துப்பாக்கி ஏந்தியவனுக்கு எதிராக முறையிட்டு, பறவைகளுக்காக எழுத்தில் உறுதி பெற்றிருக்கிறார்கள். 

அவர்கள் ஏன் அவ்வாறு செய்தனர்? அருள் ஒரு காரணம். அறிவு இன்னொரு காரணம். நீருக்குள் நிற்கும் மரங்களில் ஆயிரக்கணக்கில் பறவைகள் தங்கும்போது, அவற்றின் எச்சம் ஏரியில் விழுந்து கரைகிறது. அந்த நீர் மதகு வழியே வயலுக்குப் பாயும்போது உரம் கலந்த நீராகப் பாய்கிறது. அந்த ஆயக்கட்டு உழவர்கள் இதனைத் தலைமுறை தலைமுறையாக அறிந்திருக்கிறார்கள். பறவை ஊருக்கு உரம் தருகிறது. ஊர் பறவைக்கு அமைதி தருகிறது. இந்தக் கொடுக்கல் வாங்கல் இரு நூற்றாண்டுகளைக் கடந்து நிற்கிறது. 

அங்கே யார் பிறக்கிறார்கள்?

வேடந்தாங்கலைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக உண்டு. வெளிநாடுகளிலிருந்து பறவைகள் பறந்து வந்து, இங்கே குஞ்சு பொரித்து, மீண்டும் வெளிநாடு செல்கின்றன என்று பள்ளிக் கட்டுரைகளிலும் மாணவர்கள் எழுதுவார்கள். உண்மை அதுவன்று. அங்கே கூடு கட்டுபவை பெரும்பாலும் இந்தியத் துணைக்கண்டத்துக்கே உரிய பறவைகள்: நத்தைகுத்தி நாரை, மஞ்சள்மூக்கு நாரை, கரண்டிவாயன், வெள்ளை அரிவாள்மூக்கன், கூழைக்கடா, நீர்க்காகம், பாம்புத்தாரா, கொக்கினங்கள், வக்கா. வடதிசைக் குளிர் நாடுகளிலிருந்து வரும் ஊசிவால் வாத்து, தட்டைவாயன், உள்ளான் முதலியவை குளிர்காலத்தைக் கழிக்க மட்டுமே வருகின்றன. அவை குஞ்சு பொரிப்பது தம் வடபுலத்துத் தாயகத்தில்தான். 

இந்த வேறுபாட்டை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. ‘வெளிநாட்டு விருந்தாளிகள்’ என்று சொல்லும்போது, அவை போனால் போகட்டும், அடுத்த ஆண்டு வரும் என்ற எண்ணம் மனத்தில் தங்கிவிடுகிறது. வேடந்தாங்கல் மரத்தில் முட்டையை விட்டு வெளிவரும் நாரைக்குஞ்சு நம் மண்ணில் பிறந்த உயிர். அதன் வாழ்வும் சாவும் நம் ஏரிகளோடு கட்டுண்டவை.

அவை எப்போது கூடு கட்டுகின்றன என்பதும் அறியத்தக்கது. வடநாட்டில் இதே நாரைகள் தென்மேற்குப் பருவமழைக்குப் பின் கூடு கட்டுகின்றன. நம் பகுதியிலோ வடகிழக்குப் பருவமழை ஏரியை நிரப்பிய பின்னரே அவற்றின் இல்லறம் தொடங்குகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வரத் தொடங்கி, மார்கழி, தை, மாசியில் கூடும் குஞ்சுமாக இருந்து, வெயில் முற்றும்போது கலைந்து செல்லும். பறவைக்கு நாள்காட்டி ஏரியின் நீர்மட்டமே. மரத்தைச் சுற்றி நீர் இருந்தால்தான் பூனை, நாய், கீரி போன்றவை கூட்டை எளிதில் அணுகமாட்டா. சுற்றுவட்டாரத்தில் மீனும் நத்தையும் தவளையும் பெருகியிருந்தால்தான் குஞ்சுகளுக்கு இரை கிடைக்கும். மழை பொய்த்த ஆண்டில் ஏரி வறண்டால் மிகச் சிலவே வரும். 

அலகைப் பார்த்தால் தொழில் தெரியும்

பறவை பார்க்கப் புதிதாகச் செல்வோர் பெயர்ப் பட்டியலைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை. என் மாணவர்களுக்கு நான் சொல்லிக் கொடுத்த எளிய வழி, முதலில் அலகைப் பார்ப்பது. 

நத்தைகுத்தி நாரையின் மேல் அலகுக்கும் கீழ் அலகுக்கும் நடுவே ஓர் இடைவெளி தெரியும். வாய் மூடியிருக்கும்போதும் அது மூடாது. வயல்களிலும் ஏரிகளிலும் உள்ள நத்தையின் சதையை ஓட்டிலிருந்து எடுப்பதற்கேற்ற அலகு அது. கரண்டிவாயனின் அலகு நுனியில் தட்டையாக அகன்றிருக்கும். ஆழம் குறைந்த நீரில் அதனை இடமும் வலமுமாக வீசி நடந்து இரை தேடும். அரிவாள்மூக்கனின் அலகு பெயருக்கேற்ப வளைந்து சேற்றைத் துழாவும். கூழைக்கடாவின் கீழ் அலகில் தொங்கும் பை மீன் பிடிக்கும் வலை. பாம்புத்தாரா நீரில் நீந்தும்போது உடல் மூழ்கிக் கழுத்து மட்டும் பாம்புபோல் வெளியே தெரியும்; அதன் ஈட்டி போன்ற அலகு மீனைக் குத்தி எடுக்கும். நீர்க்காகமும் பாம்புத்தாராவும் நீரிலிருந்து ஏறியதும் சிறகுகளை விரித்து வெயிலில் காயவைப்பதைக் காணலாம். 

அலகைக் கூர்ந்து நோக்குவது நமக்குப் புதியதன்று. குளிரிலும் வறுமையிலும் வாடிய சத்திமுற்றப் புலவர் நாரையைத் தூது விட்டபோது, அதன் அலகைப் பிளந்த பனங்கிழங்குக்கு ஒப்பிட்டார். நாரை துணையோடு தென்குமரி வரை சென்று வடதிசைக்குத் திரும்பும் என்பதையும் அவர் அறிந்திருந்தார். தொலைநோக்கி இல்லாத காலத்துப் புலவரின் கண் அது.

மாலை 4 மணி முதல் இருள் கவியும் வரை ஏரிக்கரையில் நிற்பது சிறப்பு. இரை தேடிச் சென்றவை நாற்புறமிருந்தும் கூட்டம் கூட்டமாகத் திரும்பும் நேரம் அது. அவை வந்து அமரும் அந்த வேளையில், வக்கா என்னும் இராக்கொக்கு மட்டும் தூக்கம் கலைந்து இரை தேடப் புறப்படும். இரவில் உண்ணாமை நோன்பு அதற்கு விதிக்கப்படவில்லை போலும்! 

கரிக்கிலியும் கழுவெளியும்

வேடந்தாங்கலிலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில் கரிக்கிலி. 1989-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. வேடந்தாங்கல் செல்வோரில் பலர் இவ்வளவு அருகிலுள்ள கரிக்கிலியைப் பாராமலே திரும்பிவிடுகின்றனர். வேடந்தாங்கல் மரங்கள் நிறைந்த கூட்டுக் குடியிருப்பு என்றால், கரிக்கிலி திறந்த நீர்வெளி. வாத்துகளையும், நாமக்கோழி, முக்குளிப்பான், நீலத் தாழைக்கோழி போன்றவற்றையும், சேற்றோரத்தில் ஓடித் திரியும் உள்ளான்களையும் காண ஏற்ற இடம். கூட்டம் குறைவு, அமைதி மிகுதி. வேடந்தாங்கலும் கரிக்கிலியும் 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களாக ராம்சர் பட்டியலில் இடம்பெற்றன.

திண்டிவனம் பகுதியில் ஊர் உடையவர்கள் கழுவெளியைக் காண வேண்டும். விழுப்புரம் மாவட்டத்தில் வானூர், மரக்காணம் வட்டங்களில் பரந்து கிடக்கும் பெருநீர்ப்பரப்பு அது. ஒருபுறம் ஏரிகளிலிருந்து வடியும் நன்னீர். மறுபுறம் கழிமுகம் வழியாக ஏறும் கடல்நீர். உப்பும் இனிப்பும் கலக்கும் அந்த நீரில் இரண்டு வகை உயிர்களும் வாழ்கின்றன. அதனாலேயே வாத்துகளும் உள்ளான் இனங்களும் பெருந்திரளாக அங்கே குளிர்காலம் கழிக்கின்றன. 2021-இல் அது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. புதுச்சேரிக்கு மேற்கே தமிழக எல்லையில் அமைந்த ஊசுடு ஏரியையும் இத்துடன் சேர்த்துப் பார்க்கலாம். புதுவை அரசும் தமிழக அரசும் தத்தம் பகுதியைச் சரணாலயமாக அறிவித்துள்ளன. 

சென்னையில் வாழும் நம் குடும்பங்களுக்குப் பள்ளிக்கரணை வீட்டு வாசலிலேயே இருக்கிறது. துரைப்பாக்கம் சாலையில் தினமும் அலுவலகம் செல்லும் இளைஞர்கள், குளிர்காலத்தில் அந்தச் சதுப்பு நிலத்தைச் சற்று நின்று பார்த்தால் கூழைக்கடாவையும் சில ஆண்டுகளில் பூநாரைக் கூட்டத்தையும் காணலாம். ஒரு கரையில் பெருங்குடிக் குப்பைமேடு. சுற்றிலும் அடுக்குமாடிக் கட்டடங்கள். நடுவே எஞ்சிய நீரில் அவை நிற்கின்றன. பெருமழைக் காலத்தில் தென்சென்னையின் வெள்ளம் வடிந்து தங்கும் இடமும் அதுவே. பறவைக்கு இடம் விடாத நகரம் வெள்ளத்துக்கும் இடம் விடுவதில்லை என்பதை நாம் பட்டறிந்திருக்கிறோம். 

ஓர் ஏரியைக் காத்தால் போதுமா?

இனி, நான் முதன்மையாகச் சொல்ல விரும்பும் செய்திக்கு வருகிறேன். 

வேடந்தாங்கல் ஏரியின் பரப்பு ஏறத்தாழ 30 எக்டேர், அதாவது 75 ஏக்கர் அளவு. அத்தனை நாரைகளுக்கும் கொக்குகளுக்கும் அவற்றின் குஞ்சுகளுக்கும் வேண்டிய இரை அந்த ஏரியில் மட்டும் இருக்க இயலாது. அவை கூடு கட்டுவது அங்கே. இரை தேடுவது சுற்றியுள்ள ஊர் ஏரிகளிலும் தாங்கல்களிலும் நெல்வயல்களிலும். அதனை உணர்ந்தே 1998-இல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் ஆரத்துக்குச் சரணாலய எல்லை விரிவாக்கப்பட்டது. 2020-இல் அந்தப் பரப்பைக் குறைக்கும் யோசனை எழுந்தபோது, இயற்கை ஆர்வலர்கள் வலுவாக எதிர்த்ததற்கும் காரணம் இதுவே. 

ஏரியைச் சுற்றி வேலி இட்டுவிட்டு, இரை தேடும் தாங்கலைத் தூர்த்து மனையாக விற்றால், வீட்டைக் காத்து உலைப்பானையை உடைத்ததற்கு ஒப்பாகும். நாரையின் சிறகுக்கு மாவட்ட எல்லை தெரியாது. நம் ஊர் ஏரியிலும் வயலிலும் மேய்ந்து நிற்கும் நத்தைகுத்தி நாரை எந்த ஏரியில் பிறந்ததோ யார் அறிவார்? ஆகவே, பெயர் பெற்ற சரணாலயங்களைக் காக்கும் பொறுப்பு அரசுக்கு மட்டும் உரியதன்று. பெயரில்லாத நம் ஊர் ஏரியிலும் அந்தப் பொறுப்பு இருக்கிறது. நீர்வரத்துக் கால்வாயை அடைக்காமலிருப்பதும், குப்பையை ஏரியில் கொட்டாமலிருப்பதும், பறவைகள் கூடு கட்டும் நாட்டுக் கருவேலத்தையும் நீர்க்கடம்பையும் வெட்ட விடாமல் தடுப்பதும் நம் கையில் உள்ளவை. 

இரண்டாவது செய்தி, நம் அருள் உணர்வைப் பற்றியது. நம்மில் பலர் பறவைகளுக்குத் தானியம் இடுகிறோம். மொட்டை மாடியில் தண்ணீர் வைக்கிறோம். அது நல்ல வழக்கம். அதே நினைவோடு ஏரிக்கரைக்குச் செல்பவர்கள் பொரியும் காராபூந்தியும் வாரி இறைப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். ‘பக்கத்தில் வரட்டும்’ என்று கைதட்டிக் கூப்பிடுபவர்களும் உண்டு. நாரைக்கும் கரண்டிவாயனுக்கும் நம் தின்பண்டம் உணவாகாது. நாம் இறைப்பது காகங்களையும் நாய்களையும் அங்கே வரவழைக்கும். 

கைதட்டலால் நேரும் தீங்கு இன்னும் பெரிது. மஞ்சள்மூக்கு நாரை, உச்சி வெயிலில் தன் குஞ்சுகளுக்கு மேலே சிறகை விரித்துக் குடைபோல் நிற்கும். அதனைத் தொலைநோக்கி வழியாகக் கண்டவர் மறக்கமாட்டார். ஓர் அதிர்வேட்டு ஒலியால், ஒருவர் படம் எடுக்க நெருங்கியதால், அந்தத் தாய்ப்பறவை எழுந்து பறந்தால், குஞ்சுகள் வெயிலில் காயும். முட்டைகளைக் காகமும் பருந்தும் கவரும். நாம் எதையும் கொல்லவில்லை; கல் எறியவும் இல்லை; ஆயினும் உயிர்கள் மடிந்தன. அருகில் செல்லாமலிருப்பதே அங்கே நாம் காட்டக்கூடிய அருள். 

இதில் ஓர் ஐயம் எழலாம். ஒரு மாணவி என்னிடம் கேட்டாள்: “ஐயா, நாரை மீனைக் கொன்று தின்கிறது. அதைக் காப்பது எப்படி அகிம்சையாகும்?” நல்ல கேள்வி. கொல்லாமை என்பது பகுத்தறிவு பெற்ற நாம் நமக்கு விதித்துக்கொண்ட நோன்பு. பறவையின் இயல்பைத் திருத்தும் பணி நம்முடையதன்று. நாரை தன் குஞ்சுக்கு வேண்டிய அளவே எடுக்கிறது. களஞ்சியம் கட்டிச் சேர்ப்பதில்லை. ஏரியையே தூர்த்து, மீனும் நத்தையும் தவளையும் நாரையும் ஒருசேர அழியச் செய்வது மனிதன் ஒருவனே. நோன்பு வேண்டியது யாருக்கு என்பது இதனால் விளங்கும்.

சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய ஊர் மக்கள், கூட்டில் இருக்கும் பறவைகள் அஞ்சுமென்று பல ஆண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அவ்வூர்க் குழந்தைகளும் அதனை ஏற்று வளர்கிறார்கள். நமக்கோ தீபாவளி மகாவீரர் வீடுபேறு அடைந்த நாள். விளக்கேற்றி வழிபடும் நாள். ஆயினும் நம் வீடுகளிலும் பட்டாசு புகுந்துவிட்டது. அதனை நிறுத்துவதற்கு, அந்தச் சிற்றூர் மக்கள் நமக்கு வழிகாட்டுகிறார்கள் என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை.

செய்யத்தக்கவை

நிறைவாகச் சில வேண்டுகோள்கள். 

நவம்பர் முதல் பிப்ரவரி வரையுள்ள மாதங்களில் ஒரு நாளேனும் குடும்பத்தோடு ஏரிக்கரை செல்லுங்கள். பளிச்சென்ற நிறத்தில் உடை வேண்டாம். பச்சை, பழுப்பு நிறங்கள் ஏற்றவை. 8 மடங்கு பெரிதாக்கும் தொலைநோக்கி ஒன்று இருந்தால் குடும்பம் முழுவதற்கும் போதும். கைப்பேசியில் பாட்டு வேண்டாம். கூட்டின் அருகே சென்று படம் எடுக்க வேண்டாம். சாலிம் அலியின் இந்தியப் பறவைகள் பற்றிய நூல் 1941-இல் வெளிவந்து இன்றும் வழிகாட்டுகிறது. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனார் மா. கிருஷ்ணனின் தமிழ்க் கட்டுரைகளும் நூலாகக் கிடைக்கின்றன. அவற்றைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுங்கள்.

ஆண்டுதோறும் பொங்கல் நாட்களில் பறவைகள் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. ஊரில் இருந்தபடியே, குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று, கண்ட பறவைகளையும் அவற்றின் எண்ணிக்கையையும் குறித்து, இ-பேர்ட் என்னும் செயலியில் பதிவு செய்யலாம். பொங்கலுக்கு நாம் ஊருக்கு வரத்தான் போகிறோம். காலையில் ஜினாலயத்தில் வழிபாடு முடித்து, பேரப்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஏரிக்கரைக்கு ஒரு நடை நடப்பதில் செலவொன்றும் இல்லை. நம் ஊர் ஏரியில் எவை இருந்தன என்பதற்கு எழுத்துச் சான்று இருந்தால், நாளை அந்த ஏரிக்கு இடர் வரும்போது வாதாட அது உதவும். வேடந்தாங்கல் உழவர்களுக்கு ஒரு கவுல் எழுத்து உதவியதை மறவாதீர்கள். 

நம் அறக்கட்டளையும் ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களை ஒரு நாள் வேடந்தாங்கலுக்கும் கரிக்கிலிக்கும் அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்யலாம் என்பது என் பணிவான விண்ணப்பம். பெயர் கொடுக்கும் முதல் ஆசிரியராக நானே வரக் காத்திருக்கிறேன்.

 எல்லா உயிரும் இன்புற்று வாழ்க!